கெட்டவன்மீது நமக்கேன் பிரியம்?

அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை ‘பிரேக்கிங் பேட்’ என்றொரு தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. வால்டர் வைட் என்னும் இரசாயன ஆசிரியன், புற்றுநோய் கண்டபின், குடும்பத்திற்குப் பொருள் சேர்க்கவென்று போதைமருந்து காய்ச்சத் தொடங்குகிறான்; பின்னர் கொலையும் செய்கிறான். ஆயினும் அவன் பிடிபடலாகாதே என்று பதைத்த இரசிகர் பலர்.

இத்தகையவனை விரும்புவதே பாவமா? அன்று, வேறுபாடு அறிதல் வேண்டும். அவனது அறிவையும் துணிவையும் வியப்பது ஒன்று. அவன் செயலுக்கு உடன்படுவது வேறொன்று. மேலும், கதையைப் பெரும்பாலும் அவன் கண்வழியே காண்கிறோம். அவன் சொல்லும் சாக்குகளே நம் செவியில் முதலில் விழுகின்றன. ஆகவே இரக்கம் பிறப்பது இயல்பே.

ஆனால் அவனை எதிர்த்துக் கேட்ட மனைவி ஸ்கைலரை அநேகர் வெறுத்தனர். பின்னாளில் அவளும் கள்ளப்பணத்தை மறைக்கத் துணைபோனாள் என்பது மெய்யே. எனினும் கொலைகாரனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. அவ்வெறுப்பு அவ்வேடம் பூண்ட அன்னா கன் என்னும் நடிகைமீதும் பாய்ந்தது. இதுபற்றி அவரே 2013-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார்.

ஆபத்து இங்கேதான். கடைசி அத்தியாயத்தில், எல்லாம் தனக்காகவே செய்ததாக வால்டரே ஒப்புக்கொள்கிறான். அவன் கைவிட்ட சாக்கை நாம் பிடித்துக்கொண்டிருப்பது தகுமா?

ஆகவே, யாரை விரும்புகிறேன் என்று மட்டுமல்ல, யாரை வெறுக்கிறேன் என்றும் உங்களையே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்னும் குரல் வீட்டிலும் இனிப்பதில்லை, மனச்சாட்சியிலும் இனிப்பதில்லை. கதையில் அதை வெறுத்துப் பழகியவர், வாழ்வில் அதற்குச் செவிசாய்ப்பது அரிது.