இரையிடுதலும் காத்தலும்

தானே இரைதேடும் ஆற்றலுள்ள உயிர்க்கு மக்கள் இரையிடுதல் அறமாகுமோ, அன்றி இடுவோன் தன் மனமகிழ்ச்சிக்குச் செய்துகொள்ளும் விளையாட்டாகுமோ என்பது ஆராயத்தக்கது. ஆற்றலற்றார்க்கு உதவுதல் அறமென்பதில் ஐயமில்லை. ஆயிரங் காவதம் பறந்துவரும் வலிமையுடைய பறவைக்கு நாள்தோறும் தானியஞ் சொரிதல் அங்ஙனம் ஐயமற்றதன்று.

இவ்வாராய்ச்சிக்கு இராசத்தானத்துத் தார்ப் பாலையில், பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் என்னும் சிற்றூர் தக்கதோர் இடமாம். பலோடியில் 2016 ஆம் ஆண்டு மே மாதம் வெப்பம் 51 பாகையை எட்டிற்று. அத்தகைய வறுநிலத்திற்கு ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியிற் குர்ஜா என்னும் கொக்கினப் பறவைகள் மங்கோலியா முதலிய வடபுலங்களினின்றும் இமயத்தைக் கடந்து வருகின்றன. சாம்பல் நிற மேனியும், கரிய கழுத்தும், கண்ணின் பின்னே தொங்கும் வெண்ணிறக் குஞ்சமும் உடையன அவை. மாசி, பங்குனியில் மீளும். 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வூரிற் புறாக்களுக்கு இறைத்த தானியத்தை உண்ணச் சில குர்ஜாக்கள் வந்தன. இறைத்தவர் நிறுத்தினாரல்லர், பறவைகளும் மறந்தில. நூற்றளவாயிருந்தவை பின்னர்ப் பல்லாயிரமாயின. அவற்றிற்கென வேலியிட்டு அமைத்த இடத்தைச் 'சுக்கா கர்' என்பர். இரைவீடு என்பது பொருள். இப்பணியை முன்னின்று நடத்துவோர் பெரும்பாலும் சமண நெறியினர். சமயக் கொள்கை பற்றிய வாதம் வேறு, உயிரிரக்கம் வேறு. நல்லது எவரிடத்துக் காணப்படினும் நல்லதே.

இனி, இரையிடுதல் பறவையின் இயல்பைக் கெடுக்குமெனச் சிலர் கூறுவர். அது முழுதும் தள்ளத்தக்கதன்று. சிதறி மேயவேண்டியவை ஓரிடத்து நெருங்கின், நோயொன்று தோன்றியவிடத்து விரைவிற் பரவும். தாழப் பறப்பன மின்கம்பிகளில் மோதி வீழ்கின்றன. நாய்களும் இரைவீட்டைச் சுற்றித் திரிகின்றன. இவையெல்லாம் இரக்கத்தினால் விளைந்த இடர்களோவெனின், ஒருவாற்றான் ஆம். ஆயினும், அதனால் இரக்கம் தவறென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. விருந்தினரை அழைத்தவன் அவர் வந்தபின் வாயிலிலுள்ள பாம்பிற்குத் தான் பொறுப்பல்லனென்று கூறுதல் எங்ஙனம் தகும்? அழைத்தலோடு அறம் முடியவில்லை, ஆண்டுத்தான் தொடங்குகின்றது.

எனவே, சோளத்தை வாரி யிறைத்தல் இப்பணியிற் சிறுகூறேயாம். வைகறைக்கு முன் கூலத்தைக் கல்லும் பதருமறத் தூற்றிப் பரப்பல் வேண்டும்; பறவை எழுந்தபின் எச்சத்தையும் எஞ்சியதையும் கூட்டித் தள்ளல் வேண்டும்; வேலியின் இடுக்கை அடைத்து நாயை விலக்கல் வேண்டும்; சிறகொடிந்ததை எடுத்து மருந்திடல் வேண்டும். இவை காண்பார்க்கு இனியனவல்ல. படமெடுக்க வருவோர் இவற்றை நோக்குவதுமில்லை. இவற்றினும் பெரிது நீர்நிலை காத்தல். உண்டபின் அப்பறவைகள் ஊர்க்குளங்களின் கரையிற் கூடி நீர்பருகி இளைப்பாறும். இரவில் ஊர்ப்புறத்துத் திறந்த வெளியிற் றங்கும். குளத்திற்கு மழைநீர் வரும் வழியிற் கட்டடம் எழுப்பிவிட்டு இரைவீட்டிற்கு மூட்டை மூட்டையாகச் சோளம் அனுப்புவானது ஈகை எத்தகையது? பணத்தால் ஆவது பாதி. நிலத்தை விட்டுக்கொடுத்தலே கடினம்.

பயனைப் பற்றியும் ஒரு வினா எழும். இக்காலத்துப் பறவைகளைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். அதனால் சிலர்க்கு வருவாயுமுண்டு. 2025 ஆம் ஆண்டு சூன் மாதம் கீச்சனும், உதயப்பூரை யடுத்த மேனாரும் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களென ஏற்கப்பட்டன. பயன்கருதிச் செய்யும் நல்வினையும் உயிரைத் தளைப்பதாகலின், புகழும் பொருளும் வந்தபின் இவ்வறம் தூயதாகுமோவெனின், வந்த பயன் வேறு, வேண்டிய பயன் வேறென்க. முதலில் தானியம் இறைத்தார்க்கு இவற்றுளொன்றும் கண்முன் இருந்ததில்லை. இடர்ப்பாடு பின்வருவார்க்கே உண்டு. காண்போர் தொகையைக் கண்டு மகிழ்ந்து, அவர் குறைந்த ஆண்டில் வேலியைப் பழுதுபார்க்க மறப்பவன் பறவையைக் காத்தவனல்லன். தன் புகழையே காத்தவன்.

குர்ஜா நன்றி கூறுவதில்லை. இட்டவன் முகத்தை அறிந்து திரும்புவதுமில்லை. பங்குனியில் ஒருநாள் வெய்யிலேற மேலெழுந்து வட்டமிட்டு வடக்கே போய்விடும். பின்னர் ஐந்து திங்கள் இரைவீடு வெறுமையாய்க் கிடக்கும். மணல் வேலியை மூடுவதும், குளம் வற்றிச் சேறு காய்வதும் அக்காலத்தேதான். மண்ணை அகற்றுதலும் குளத்தைத் தூரெடுத்தலும், ஒரு பறவையும் கண்ணிற் படாத அக்கோடையிலேயே செய்து முடிக்கற்பாலன.