யாருடைய நேரம்

வேலை நேரத்தில் ஃபேஸ்புக் பார்ப்பவன் திருடன் என்கிறது நிர்வாகம். தன்னிடமிருந்து பிடுங்கப்பட்ட நேரத்தில் கொஞ்சத்தைத்தான் அவன் திரும்ப எடுத்துக்கொள்கிறான் என்கிறான் கலகக்காரன். இரண்டு கட்சிக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: நேரம் என்பது காசைப் போல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறக்கூடிய வஸ்து. இதைச் சோதித்துப் பார்க்காமல் உற்பத்தித் திறன் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்று எனக்குப் படுகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. வேலையை வைத்து நேரத்தை அளந்துவந்த ஆங்கிலேயத் தொழிலாளி, நேரத்தை வைத்து வேலையை அளக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதை ஈ.பி. தாம்ஸன் 1967இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். டெய்லர் 1911இல் வெளியிட்ட தன் நூலில் அதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியிருந்தார். நம் குமாஸ்தாக்களின் வருகைப் பதிவேடும் இந்த வம்சம்தான். ஆனால் பதிவேட்டால் உடம்பைத்தான் நாற்காலியில் உட்காரவைக்க முடிந்தது. மனம் போன இடத்தை அது அறியவில்லை. பிராகில் விபத்து இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை உட்கார்ந்திருந்த காஃப்காவுக்குள்ளும், ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷங்கள் வேலை பார்த்த அசோகமித்திரனுக்குள்ளும் சம்பளக் கணக்கில் வராத ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் சோம்பல் இருந்தது. ஜன்னல், டீக்கடை, பக்கத்து மேஜையில் நடக்கும் வரன் பேச்சு. நிர்வாகத்துக்கு இவை நஷ்டம். ஆனால் வேறு யாருக்கும் லாபமல்ல. அதுதான் அந்தச் சோம்பலின் விசேஷம். கைப்பேசித் திரையில் கழியும் பத்து நிமிஷம் அப்படிப்பட்டதல்ல. விளம்பரங்களால் வாழும் ஒளிபரப்பில், பார்வையாளனின் கவனமே விற்கப்படும் சரக்கு, பார்ப்பதும் ஒருவகை உழைப்பு என்று டல்லஸ் ஸ்மைத் 1977இல் எழுதினார். அன்று அது மிகையாகத் தோன்றியிருக்கலாம். இன்று விரல் எந்தப் படத்தில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் பதிவாகி விளம்பரமாகத் திரும்பி வருகிறது. மெட்டா கம்பெனியின் வருமானம் அநேகமாக முழுவதும் இதிலிருந்துதான். ஆகவே என் சக குமாஸ்தா ஓய்வெடுக்கவில்லை. ஒரு முதலாளியிடமிருந்து எழுந்து போய், கூலியில்லாமல் இன்னொரு முதலாளியிடம் வேலை செய்துவிட்டு வருகிறான். அதே கம்பெனி அலுவலகங்களின் வேலைத்திறனை உயர்த்தவென்று 2016இல் ‘வொர்க்ப்ளேஸ்’ என்று ஒரு சாதனத்தையும் விற்க ஆரம்பித்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இணையத்தில் உலவுபவர்கள், உலவாதவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் திறனோடு வேலை செய்வதாக 2009இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ப்ரென்ட் கோக்கர் சொன்னார். இதைத் தொழிலாளிக்குச் சாதகமான சாட்சியம் என்கிறார்கள். எனக்கு இதில்தான் பயம். வேலையைப் பெருக்குகிறது என்பதற்காக ஓய்வு அனுமதிக்கப்பட்டால், எதையும் பெருக்காத ஓய்வுக்கு உரிமையில்லை என்றாகிறது. நாளை இன்னொரு ஆய்வு வேறு எண்ணைச் சொல்லலாம். மனிதனின் ஓய்வை ஒரு சதவீதத்தின் தயவில் விட முடியாது.

அப்படியானால் இதில் தவறே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது முதலாளிக்கு இழைக்கப்படுவதல்ல. மேஜைமேல் ஒரு குடும்ப ஓய்வூதிய ஃபைல் கிடக்கிறது. எதிரே அதற்குரிய பெண் நிற்கிறாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஸோஃபி லெராய் 2009இல் ஆய்ந்து எழுதினார். மிச்ச மனத்தோடு நிமிர்கிறவனுக்கு வாரிசுச் சான்றிதழில் உள்ள எழுத்துப்பிழை தெரியும்; அவள் மூன்றாம் தடவையாக பஸ் ஏறி வந்திருப்பது தெரியாது. ஃபைலைத் திருப்பி அனுப்புவான். அன்று அவன் பைசல் செய்த ஃபைல்களின் எண்ணிக்கை கூடியும் இருக்கும். உற்பத்தித் திறன் என்ற அளவுகோலுக்கு இந்தக் குற்றம் அகப்படாது.

ஸிமோன் வெய்ல் 1934–35இல் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை பார்த்தார். யந்திரத்தின் வேகம் மனிதனை யோசிக்கவிடாமல் அடிப்பதை உடம்பால் அறிந்தவர். துன்பப்படுகிறவனைக் காண்பதற்குக் கவனம் ஒன்றே வழி என்று பின்னால் எழுதினார். கவனத்தை அவர் நிர்வாகத்தின் சொத்தாகவோ தன் சொத்தாகவோ நினைக்கவில்லை.

கைப்பேசியைத் தடை செய்யலாமே என்பார்கள். தடை, கவனத்தைப் பதிவேட்டுக்கு மீட்டுத் தரும். அந்தப் பெண்ணுக்கு மீட்டுத் தராது. நான் கேட்பது இரண்டு: யாருக்கும் லாபமில்லாமல் சும்மா இருக்கும் உரிமை, எதிரே நிற்பவருக்கு முழுசாக இருக்கும் கடமை. இவை ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே மனத்தின் காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஒன்றை விற்றுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியுமா என்பதை, அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே எழுதுகிற நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.