சிறுகத்தி எழுப்பும் அறவினா

மேனாடுகளிலே சிறிய மடக்குக் கத்திகளை ஓய்வுநேரத்தில் தாமே செய்து, மரத்தாலும் கொம்பாலும் பிடியமைத்து மகிழ்வோர் பலர் உளர். அலகைத் தீட்டுவதும், பிடியைக் கைக்கேற்ப அராவுவதும் அவர்க்குப் பொழுதுபோக்கு. அக்கத்தியால் வெட்டியே தீரவேண்டிய தேவை அவருட் பலர்க்கு இல்லை. தேவையற்ற கருவியைப் பாடுபட்டுச் செய்தல் வீண்செயலா, அன்றி அதற்கும் ஓர் அறப்பெறுமானம் உண்டா என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வினா தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. புறநானூற்றின் 95ஆம் பாடலிலே ஔவையார் இருவகைப் படைக்கலங்களை எதிரெதிர் நிறுத்துகின்றார். தொண்டைமானுடையவை பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல்மிக்க மாளிகையில் உள்ளன. அதியமானுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லனின் சிறுகொட்டிலிற் கிடக்கின்றன. கருவியின் பெருமை அதன் ஒப்பனையில் அன்று, உழைப்பிலேயே உளது என்பது குறிப்பு. இவ்வளவுகோலின்படி பொழுதுபோக்காளனின் கத்தி தொண்டைமானின் பக்கத்தையே சேரும்.

ஆயினும் அழகும் பயனும் என்றும் பகைப்பன அல்ல. ஓலையில் எழுதிய காலத்தில் தமிழர் வழங்கிய மடக்கெழுத்தாணி இதற்குச் சான்று. ஓலையை வாரும் கத்தியும் எழுதும் ஊசியும் ஒரே பிடிக்குள் மடங்குமாறு அமைந்த அக்கருவி, புலவனின் உடைமையாகவும் கம்மியனின் கலைத்திறனாகவும் விளங்கியது. 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலில் கண்டிநாட்டுக் கம்மியரின் வினைத்திறனை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமியும், பயன்பொருளையும் கலைப்பொருளையும் வேறுபிரித்தல் தகாது என்ற கொள்கையினரே.

எனவே சிக்கல் அழகு பற்றியதன்று. செய்பவனின் நிலை பற்றியது. இதனை விளக்க யாழ்ப்பாணக் குடாநாட்டின் கத்திகளே போதும். சுண்ணக்கற் பாறை மீதமைந்த இந்நிலத்தில் இரும்புத்தாது இல்லை. கொல்லர் வெளியிலிருந்து வரும் இரும்பையும், லொறிகளிற் கழித்த வில்லுத்தகடு போன்ற பழைய உருக்கையும் உலையிற் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அலகாக்குவர். தோய்ச்சல் மிகுந்தால் அலகு முறியும். குறைந்தால் வாய் மடியும். ஓலை கிழிக்கும் சத்தகமும், பாளை சீவும் பாளைக்கத்தியும் இவ்வாறு பிறந்தவையே. பனையுச்சியில் தளநாரை நம்பி நிற்பவன் பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவவேண்டும். கூர் மழுங்கினால் பாளை நசியும், கள் குன்றும், அன்றைய அடுப்பும் குளிரும்.

பொழுதுபோக்காளனும் கொல்லனும் ஏந்துவது ஒரே சம்மட்டிதான். எனினும் முன்னவன் சலித்தவிடத்து அதனைக் கீழே வைக்கலாம். பின்னவனுக்கோ அத்தொழில் பிறப்போடு விதிக்கப்பட்டது. அதனைத் தெரிந்தெடுக்கவும் துறக்கவும் அவனுக்கு உரிமை இருக்கவில்லை. பாளைக்கத்தி ஏந்தியவனின் நிலை இதனினும் கொடியது. கள்ளிறக்குவோர் உள்ளிட்ட மக்கள் ஆலயத்துள் நுழைவதற்கு 1968இல் மாவிட்டபுரத்திலே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அவர்களின் உழைப்பைப் பெற்ற சமூகம் அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. கருவியைப் போற்றிக் கருவியாளனை இழித்தல் எவ்வகையிலும் அறமாகாது.

இதனாற் பொழுதுபோக்கு இகழத்தக்கது என்று முடிவு செய்தலும் பிழையாகும். ஒருமுறையேனும் உலைவெப்பத்தில் நின்று, பத்துக் கத்தி பழுதாகிப் பதினோராவது கத்தியைக் கண்டவன், கொல்லனிடம் கூலியைக் குறைத்துப் பேசக் கூசுவான். கைத்தொழில் அறிவற்றோர் செயல் என்ற மயக்கமும் அவனிடமிருந்து அகலும். அத்தகைய மதிப்பைக் கற்பிக்குமாயின், தேவையற்ற கத்தியும் பெரும்பயன் தந்ததாகும். பேழையிற் பூட்டிப் பெருமை பேசுதற்கு மட்டும் உதவுமாயின், அது தொண்டைமானின் படைக்கலமே.

விரும்பி உழைத்தல் மனிதனுக்கு இன்பம் என்பதைப் பொழுதுபோக்காளன் மெய்ப்பிக்கின்றான். அவ்வின்பம் ஓய்வுடையார்க்கு மட்டும் உரியதாதல் ஆகாது. கொல்லனின் மகனும் பாளை சீவுபவனின் மகனும் தம் தொழிலை விரும்பினால் ஏற்கவும், விரும்பாவிடின் விடுக்கவும், எதனைச் செய்யினும் மதிக்கப்படவும் வேண்டும். சிறுகத்தி எழுப்பும் அறவினாவுக்கு அதுவே தக்க விடையாகும்.