மௌனம் ஒரு பிரமாணமா?

சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஒரு கணினிக்குப் பெரிய கோப்பொன்றை அனுப்புகிறவர், தமது இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் கொள்ளவல்லதாயிருந்தும், கோப்பு இரண்டு மூன்று மெகாபிட் வேகத்திலேயே ஊர்வதைக் கண்டு, முதலில் கேபிளையும், பின்னர் ரவுட்டரையும், இறுதியில் சேவை நிறுவனத்தையும் நிந்திக்கத் தொடங்குகிறார். குற்றம் பல வேளைகளில் அவற்றினிடம் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும்; அத்தனை தொலைவு போய்த் திரும்ப 200 மில்லிநொடியாவது பிடிக்கும். மறுமுனையிலிருந்து ஒப்புகை வருமுன் எவ்வளவு அனுப்பத் துணியலாம் என்ற எல்லைக்கு 'விண்டோ' என்று பெயர். இணையத்தில் தரவனுப்பும் நெறியான டி.சி.பி.யின் பழைய விதிப்படி அது 65,535 பைட்டைத் தாண்டலாகாது. அவ்வளவை அனுப்பிவிட்டு ஒப்புகைக்காக வாளாவிருந்தால், வேகம் 2.6 மெகாபிட்டில் நின்றுவிடும். 1992-இல் இவ்வெல்லையை விரிக்க வழிவகுத்தார்கள். தொலைதூர மந்தத்தைச் சோதிக்கும் பொறியாளர் முதலில் 'பிங்' கொடுத்துப் போய்த் திரும்பும் காலத்தைப் பார்ப்பதும், அடுத்து விண்டோவைக் கவனிப்பதும் இக்கணக்கின் பொருட்டே.

ஆயினும் விண்டோவைப் பெருக்கிய பின்னும் எஞ்சி நிற்கிற ஒரு வினா, பொறியியலைவிடத் தர்க்க சாஸ்திரத்துக்கே அதிகம் உரியது. ஒப்புகை வராவிட்டால் அதற்கு என்ன பொருள்?

குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும், தரையில் குடம் இல்லையென்பதை அது காணப்படாமையைக் கொண்டே அறிகிறோமென்று கூறி, அநுபலப்தியைத் தனிப் பிரமாணமாக ஏற்றார்கள். நையாயிகர் அதை ஏற்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சித்தியாரில் அபாவத்தையும் அளவைகளுள் ஒன்றாக எண்ணிக் காட்டி, பின்பு அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிட்டார். ஏற்றவர்களும் ஒரு நிபந்தனையோடுதான் ஏற்றார்கள்: இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற யோக்கியதை வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாமை எதையும் நிரூபிக்காது.

இந்த யோக்கியதையை மறந்ததன் விளைவைக் கணினி வலையில் 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் கண்டார்கள். சுமார் 400 கஜ இடைவெளியே உள்ள இரு நிலையங்களுக்கிடையில், நொடிக்கு 32 ஆயிரம் பிட் ஓடிய தொடர்பு 40 பிட்டுக்கு வீழ்ந்தது. வழியில் வரிசையில் காத்திருந்த பாக்கெட்டுகளையே தொலைந்தனவென்று கருதிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை வளர்த்தன. வான் ஜேகப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னர் வந்த மறுமொழிகளின் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு காத்திருக்கும் காலத்தைக் கணிக்கும் முறையையும், இழப்பு நேர்ந்தால் நெரிசலென்று கொண்டு வேகத்தைக் குறைக்கும் முறையையும் விவரித்தார். முன்னது யோக்கியதையைக் கணிதத்தில் எழுதியதே என்பேன். பின்னதோ அநைகாந்திக ஹேது, அதாவது ஒரே முடிவுக்கு இட்டுச்செல்லாத காரணம். வானலையின் இரைச்சலாலும் பாக்கெட் அழியுமல்லவா? தூரம் கூடக்கூட இத்தவறான அனுமானத்துக்குரிய தண்டனையும் கூடுகிறது: 200 மில்லிநொடித் தொலைவில் நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் பாதையில், ஒரே பாக்கெட் அழிந்து விண்டோ பாதியானால், சுற்றுக்கு ஒரு பாக்கெட்டாக ஏறும் பழைய முறைப்படி மீண்டெழ ஆகும் காலம் அரைமணி நேரத்தை நெருங்கும்.

நெடுங்காலம் பிரார்த்தித்தும் மறுமொழி வராமையால் இறைவன் இல்லையென்று வாதிப்போரும், அந்த மௌனத்தையே சம்மதமாகக் கொள்வோரும், என் மதிப்பில் ஒரே பிழையைச் செய்கிறார்கள். போய்த் திரும்பும் காலம் இருவருக்குமே தெரியாது. ஜேகப்சனின் கணக்குங்கூட, ஒரு மறுமொழியேனும் வந்திருந்தால்தான் தொடங்கும். ஒன்றுமே வராதபோது காத்திருப்பின் அளவு வெறும் சம்பிரதாயம்: முன்னர் 3 நொடி என்றிருந்ததை 2011-இல் 1 நொடியாக்கினார்கள். ஒவ்வொரு மௌனத்துக்கும் கணினி அதை இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் காலம் கடந்ததென்று மட்டும் அறிவித்து ஓய்கிறது. தொடர்பு மறுக்கப்பட்டதென்று அது அறிவிக்க வேண்டுமானால், அம்மறுப்பைச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும்.