அஞ்சாம் மாச ஸ்கேனுக்குப் பிறகு

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், தேரோட்டத்தன்று, திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்கள் வரும். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே குழந்தையைக் கிடத்தி, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி நடப்பார்கள். அண்ணாமலையாரிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கான நேர்த்திக்கடன் அது. வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்கு சாமியே மகனாக நின்று, மாசி மகத்தன்று இன்றும் திதி கொடுக்கிற ஊர் இது. பிள்ளைவரத்தை இவ்வளவு கொண்டாடும் ஊரில், "குழந்தைக்கு ஏதோ குறை தெரியுதும்மா" என்ற வார்த்தையோடு ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வருகிற பெண் யாரிடம் போய் வாய் திறப்பாள்?

ஸ்கேன் என்றாலே இந்த ஊருக்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. மருத்துவம் படிக்காத ஒரு பெண், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிக் கருக்கலைப்பும் செய்துவந்ததாக 2018-ல் இங்கே கைதானார். பாலினம் கண்டறிவதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்தும் நடந்த கொடுமை அது. அந்தச் சட்டத்தில் ஓர் இழைகூடத் தளரக் கூடாது. ஆனால் பெண் என்பதற்காக ஒரு கருவை அழிப்பதும், மண்டையோடே உருவாகாத கருவைச் சுமக்க முடியாமல் ஒரு தாய் கதறுவதும் வேறு வேறு. ஊர்ப்பேச்சு இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு கதவைச் சாத்தியது. உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேனோ 18 முதல் 20 வாரத்துக்குள்தான் எடுக்கப்படுகிறது. குறை தெரிந்து, பெரிய டாக்டரைப் பார்த்து, சென்னைக்கோ வேலூருக்கோ போய் உறுதிசெய்வதற்குள் வாரம் தாண்டிவிடும். 2008-ல் மும்பையைச் சேர்ந்த நிகேதா மேத்தா, கருவின் இதயத்தில் கடுமையான கோளாறு என்று அறிந்து உயர் நீதிமன்றம் போனபோது ஏறத்தாழ 24 வாரம் கடந்திருந்தது. நீதிமன்றம் அனுமதி மறுத்தது. சில நாட்களில் கரு தானாகவே கலைந்தது. சட்டம் திருந்த மேலும் 13 ஆண்டுகள் பிடித்தன. 2021-ல் வந்த திருத்தத்தின்படி, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே கிடையாது.

ஆனால் எது கணிசமான குறைபாடு? சட்டம் அதைப் பட்டியலிடவில்லை. 2017 ஜனவரியில், மண்டையோடு உருவாகாத 24 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே, டவுன் சிண்ட்ரோம் இருந்த 26 வாரக் கருவுக்கு அனுமதி மறுத்தது. முதல் கரு பிறந்தாலும் பிழைக்காது. இரண்டாவது பிறந்து, வளர்ந்து, பள்ளிக்குப் போய், வேலைக்கும் போகக்கூடிய பிள்ளை. "குறை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுவதில்தான் சிக்கலே இருக்கிறது.

இதில் மாற்றுத்திறனாளிகள் கேட்கும் கேள்வி கூர்மையானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஹெய்டி குரோட்டர் என்ற பெண், தன்னைப் போன்ற கருக்களைப் பேறுகாலம் வரை கலைக்கலாம் என்கிற பிரிட்டன் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2021-லும் 2022-லும் தோற்றார். என் பிறப்பே தவிர்த்திருக்க வேண்டியதா என்று ஒருவர் கேட்கும்போது பதில் சொல்வது எளிதல்ல. அதற்காக, முடிவை அரசே எடுத்துக்கொள்வதும் தீர்வாகாது. போலந்து 2020-ல், கருவின் குறைபாட்டைக் காரணம் காட்டிக் கலைப்பதையே தடைசெய்தது. நம் பம்பாய் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் எதிர்த்திசையில் போனது. மருத்துவ வாரியம் வேண்டாம் என்றிருந்த 33 வாரக் கர்ப்பத்தில், முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே என்றது. அதுவே சரி. சுமப்பவளைத் தள்ளிவைத்துவிட்டு வேறு யார் இதைத் தீர்மானிக்க முடியும்?

உரிமை கொடுத்தால் மட்டும் போதாது என்பது, டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணிக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது தெரியும். அதில் 1:150 என்று அச்சாகி, பக்கத்தில் அதிக ஆபத்து என்று இருக்கும். அதே எண் வந்த 150 பேரில் 149 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது என்பதுதான் அதன் பொருள். பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது போன்ற பரிசோதனையால்தான் உறுதியாகும். இதை உட்கார வைத்துப் பத்து நிமிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால், அந்த எண்ணே வீட்டில் தீர்ப்பாகிவிடும். மாமியார் ஒன்று சொல்வார், ஜோசியர் ஒன்று சொல்வார், சொந்தத்தில் கட்டினதால்தான் என்று அக்கம்பக்கம் பேசும். அவளுக்கு மட்டும் பேச இடமிருக்காது.

பெற்றுக்கொள் என்று அறிவுரை சொல்வோரிடமும் கேட்க வேண்டியது உண்டு. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தருவது மாதம் 2,000 ரூபாய். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும். அறுவை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, இத்தனைக்கும் பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு அலைகிறவள் தாய்தான். தென்காசி அருகே 1981-ல் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற இடங்கள் சிறு வயதிலேயே பயிற்சி கொடுத்து இந்தப் பிள்ளைகளை நிமிர்த்துகின்றன. ஆனால் எங்கள் மாவட்டத்துச் செங்கத்திலோ ஜவ்வாது மலையிலோ இருக்கிற தாய்க்கு ஆய்க்குடி எவ்வளவு தூரம்!

திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இதுபோல ஒவ்வொரு மாவட்டக் கல்லூரியிலும் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே, ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர் ஒருவரை அரசு உட்கார வைக்க வேண்டும். அதே குறையுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் ஒருவரையாவது கர்ப்பிணி முடிவெடுக்கும் முன் சந்திக்க வழி செய்ய வேண்டும். மருத்துவ வாரியம் 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று 2021-ன் விதிகள் சொல்கின்றன. அந்த மூன்று நாளும் உங்கள் வீட்டுப் பெண் காத்திருக்க நேர்ந்தால், அவளுக்கு யோசனை சொல்லாதீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.