மறதி குற்றமாமோ?

உலகியலில் நிகழும் சிறு நிகழ்ச்சிகளை ஊன்றி நோக்குவார்க்குப் பெருநூல்களிற் கூறப்படும் உண்மைகள் அவற்றினிடத்தே விளங்கித் தோன்றும். கண்ணும் விளக்கும், படிகமும் பன்னிறமும், நீரும் உப்பும் ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே நம் ஆசிரியர்கள் அரிய பொருள்களை உணர்த்திப் போந்தனர். இக்காலத்து வீதிதோறும் காணப்படும் மோட்டார் சைக்கிளும் அத்தகைய எடுத்துக்காட்டாதற்கு உரியதேயாம். அதனைக் காவலின்பொருட்டுப் பூட்டியவன், பூட்டியதனைத் தானே மறந்து வண்டியைச் செலுத்தி வீழ்தல் பலவிடத்தும் நிகழ்வதொன்று. அதனை முன்வைத்து, மறதியாவது யாது, அது மறந்தான்மேற் குற்றமாக ஏறுமோ ஏறாதோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அப்பூட்டின் இயல்பினை அறிதல் வேண்டும். மோட்டார் சைக்கிளின் சக்கரத்தை நிறுத்துதற்கு இந்நாளிற் பெரிதும் டிஸ்க் பிரேக் அமைக்கப்படுகின்றது. பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட வண்டிகளுள், திரவ அழுத்தத்தான் இயங்கும் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்திற் கொண்டு முதற்கண் வந்தது 1969-ஆம் ஆண்டில் வெளியான ஹோண்டா சி.பி. 750 என்பதாம். சக்கரத்தோடு உடன்சுழலும் உலோக வட்டத்தட்டும், அத்தட்டினை இருபுறமும் பற்றி நிறுத்தும் காலிப்பர் என்னும் பிடியும் இதன் உறுப்புக்கள். வெப்பம் தணிதற்கும் எடை குறைதற்கும் தட்டிற் பல துளைகள் இடப்பட்டிருக்கும். அத்துளைகளுள் ஒன்றில் முளையைச் செலுத்தித் தட்டினைக் கவ்வுமாறு இடப்படுவதே டிஸ்க் லாக் என வழங்கும் பூட்டு. சக்கரம் சுழலப் பூட்டும் உடன்சுழன்று காலிப்பரிலாதல் முன்கவையிலாதல் முட்டும். முட்டவே சக்கரம் மேற்சுழல மாட்டாது நின்றுவிடும். கள்வன் வண்டியை உருட்டிச் செல்லாமைப்பொருட்டு அமைந்த காவல் இதுவாகும்.

இனி, உடையவன் இதனை நீக்க மறந்து புறப்படுங்கால் நிகழ்வது யாதெனின், கூறுதும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். பூட்டு காலிப்பரை முன்னரே ஒட்டியிருப்பின் வண்டி அசைந்த அளவிலே தடைப்பட்டு நிற்கும், தீங்கு சிறிதாம். காலிப்பரைக் கடந்த நிலையில் இருப்பின், சக்கரம் ஒரு சுற்று நிரம்புந்துணையும் யாதொரு தடையும் தோன்றாது. வண்டி எளிதிற் செல்லும். செலுத்துவோன் விசையை மிகுப்பான். அந்நிலையிற் பூட்டு முட்ட, சக்கரம் ஒரு கணத்தில் நிற்க, வண்டி சாய, அவன் வீழ்வான். தட்டு வளையும், காலிப்பர் முறியும், சிலவழி அவன் காலும் வண்டியின்கீழ் அகப்பட்டு ஊறுபடும்.

இந்நிகழ்ச்சியில் நோக்கத்தக்கன நான்குள. பூட்டினவன் பிறனல்லன், தானே என்பது ஒன்று. பூட்டினமை அவனுக்குத் தெரியாததன்று என்பது இரண்டு. புறப்படுமுன் ஒருவர், ‘பூட்டியிருக்கின்றதோ?’ என வினவியிருப்பின், ‘ஆம்’ என அக்கணமே விடைகூறியிருப்பான். பூட்டின் திறவுகோல் பெரும்பாலும் வண்டியின் திறவுகோலோடு ஒரே வளையத்திற் கோக்கப்பட்டு அவன் கையிலேயே உளது என்பது மூன்று. வீழ்தற்கு முன் சென்ற அச்சிறு தொலைவில் தான் தடையின்றிச் செல்வதாகவே அவன் கருதினான் என்பது நான்கு.

இவற்றான் மறதி வேறு, அறியாமை வேறு என்பது பெறப்படும். அறியாமையாவது ஒரு பொருளை ஒருகாலும் அறிந்திலாமை. மறதியாவது அறிந்ததே வேண்டுங்காலத்து விளங்காது நிற்றல். அறிவு அழிந்ததெனின், ஒருவர் கேட்டமாத்திரத்தே மீளத் தோன்றுதல் கூடாது. அழியாதிருந்ததெனின், அக்கணத்தில் விளங்காமைக்கு ஒரு காரணம் வேண்டும். உள்ளதாயும் விளங்காததாயும் இருத்தலின், அது மறைப்புண்டது எனக் கொள்ளுதலே முறை.

மனநூல் வல்லார் இதனை வேறொரு வழியான் ஆராய்ந்துளர். ஆங்கில நாட்டு அறிஞர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் வெளியிட்ட மாந்தர் பிழைபற்றிய நூலில், எண்ணமே தவறாதல், எண்ணம் சரியாக இருப்பவும் செயல் வழுவுதல், செய்யக் கருதியது நினைவினின்று நழுவுதல் என்பனவற்றை வேறு வேறாகப் பகுத்துரைத்தார். பழகிய செயல்களில் கைகால்கள் தாமே தொழில்செய்ய, உள்ளம் வேறிடத்துச் செல்லும் என்பது அத்துறையினர் பலர்க்கும் உடன்பாடு. திறவுகோலைத் திருப்புதலும், நிறுத்துகாலை மடக்குதலும், கிளட்சைப் பற்றுதலும், கியரை மாற்றுதலும் ஒன்றையொன்று தொடர்ந்து தாமே நிகழும். இத்தொடரினுள் இடம்பெறாத பூட்டு நீக்கம் விடுபட்டொழியும். என்றும் பூட்டுவானினும், சிலநாட் பூட்டிச் சிலநாள் விடுவானுக்கே இஃது எளிதின் நிகழும் என்பதும் இதனாற் போதரும்.

நம் சித்தாந்த நூல்கள் இதனை அவத்தை கூறுமுகத்தான் விளக்கின. நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 எனக் கருவிகள் படிப்படியே ஒடுங்கும் என்பர். அவ்வளவில் நில்லாது, நனவினுள்ளேயே இவ்வைந்தும் நிகழும் எனவும் கூறி, அதனை மத்தியாலவத்தை எனப் பெயரிட்டனர். விழித்த கண்ணோடு வீதியிற் செல்வானும் ஒரு பொருளளவில் உறங்குகின்றான் என்பது இதன் கருத்து. கண் பூட்டின்மேற் படினும், அதனோடு உள்ளம் கூடாவழிக் காட்சி நிகழாது. ஆகவே மறந்து வீழ்ந்தவனை, ‘கண்ணில்லையோ?’ என வினவுதல் பொருந்தாது. கண் இருந்தது, அதனைச் செலுத்தும் நினைவு ஆண்டில்லை.

அற்றேல், மறதி மனத்தின் தொழிலேயாகுக, உயிர்க்கு அதனோடு இயைபென்னை என்பார்க்கு, மனம் முதலிய அந்தக்கரணங்கள் சடமாகலின், அவை தாமே நினைத்தலும் மறத்தலும் இல என்க. திறவுகோல் தன்னை மறந்ததென ஒருவரும் கூறார். அதனை ஏந்தியவன் மறந்தான் என்றே கூறுவர். கருவியோடு கூடியவழி அறிந்தும், கூடாவழி அறியாதும் நிற்றல், மலத்தான் மறைப்புண்ட உயிரினியல்பு. மாயையின் காரியமாகிய கருவிகள் இருளிடை ஏற்றிய சிறு விளக்குப்போல்வன. விளக்குச் சென்றவிடம் புலனாம், செல்லாதவிடம் இருளேயாம்.

அங்ஙனமாயின், மறைப்பது ஆணவமாகலான் குற்றம் ஆணவத்தின்மேலதேயன்றி மறந்தான்மேலதன்று என்பாரும், மறைத்தலும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றாகலான் அஃது அவன்மேலதே என்பாரும் உளராவர். இவ்விடத்தே ஆராய்ச்சி கூர்மையடைதல் வேண்டும். இக்கூற்றுக்களை முழுதும் ஒப்பின், காக்கவேண்டியதனைக் காவாது கெடுத்தார் யாவரும் ‘மறந்தேம்’ என்னும் ஒருசொல்லாற் பழியினின்று நீங்குவர். முழுதும் மறுப்பின், தன்வயத்ததல்லாத ஒன்றிற்காக ஒருவனை ஒறுத்தவராவேம். இரண்டும் நடுவுநிலைமையன்று.

இதனைத் தெளிதற்கு, இப்பூட்டின் நிகழ்ச்சியோடு ஒத்ததாய் முன்னொருகால் நிகழ்ந்த பெருந்தீங்கு ஒன்றினைக் காட்டுதும். அமெரிக்க நாட்டில் ஓகையோ மாநிலத்து ரைட் விமானத்தளத்தில், 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், நான்கு எஞ்சின்களையுடைய போயிங் 299 என்னும் புதிய விமானம் சோதனைக்காக எழுந்தது. நிலத்தில் நிற்குங்கால் வால்முதலிய உறுப்புக்கள் காற்றான் மோதுண்டு கெடாதிருத்தற்கு அவற்றைப் பிணிக்கும் பூட்டு ஒன்று அதன்கண் உண்டு. அதனை விடுவியாமலே விமானத்தை எழுப்பினர். அது செங்குத்தாக மேலேறி, நிலைதளர்ந்து வீழ்ந்து எரிந்தது. அதனைச் செலுத்திய மேஜர் பிளாயர் ஹில் என்பாரும், உடனிருந்த லெஸ்லி டவர் என்பாரும் உயிர்துறந்தனர். இருவரும் அத்துறையில் மிகப் பழகியவர், விமானத்திலும் பழுதில்லை. நிற்கையிற் காவலாய் இருந்ததே இயங்குகையிற் கொலையாயிற்று.

அதன்பின் அவ்வமைப்பினர் செய்தது யாது? ‘இனி மறவாதீர்’ என ஆணையிட்டு அமைந்தாரல்லர். எழுமுன் செய்யத்தக்கனவற்றை வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் செய்தபின்னரே எழுதல்வேண்டும் என்னும் முறையை மேற்கொண்டனர். அவ்விமானத்தின் வழிவந்த பி-17 என்பன 12,731 பின்னர்ச் செய்யப்பட்டன. எழுதிய வரிசையைப் படித்துச் செய்யும் முறையும் உலகெங்கும் பரவிற்று. வல்லவரும் மறப்பர் என்பதனை ஒப்புக்கொண்டதே அம்முறையின் சிறப்பாம்.

மோட்டார் சைக்கிளின் பூட்டிற்கும் இத்தகைய உபாயம் உண்டு. ஆரஞ்சோ மஞ்சளோ ஆகிய பளிச்சென்ற நிறமுடைய சுருள்கயிறு ஒன்றன் ஒருமுனையைப் பூட்டிலும், மறுமுனையைக் கைப்பிடியிலும் மாட்டுவர். வண்டியில் ஏறுவான் கைவைக்குமிடத்தே கயிறு குறுக்கிடும். கீழே மறைந்துகிடக்கும் பூட்டு அவன் கையருகே வந்து தன்னை அறிவிக்கும். பூட்டோடு உடன்வைத்தே விற்கப்படினும், இதனைப் பெட்டியிலேயே விட்டொழிவார் பலர். காரணம் வினவின், ‘எமக்கு எதற்கு? யாம் மறவேம்’ என்பர்.

இங்குத்தான் குற்றம் பிறக்கின்றது என்பது எம் துணிபு. மறந்த கணத்தில் அவன் செய்யத்தக்கது யாதுமில்லை. மறந்தோம் என்பதனை அறியும் அறிவே மறதியுள் அகப்பட்டது. அக்கணத்தைப் பழித்தல் உறங்குவானைப் பேசாதிருந்தமைக்காகப் பழித்தல்போலும். ஆனால் பூட்டிய கணத்தில் அவன் விழித்திருந்தான். மாந்தர் மறப்பர் என்பதும் அறிவான். அறிவுள்ள காலத்தில் அறிவற்ற காலத்திற்கு வேண்டுவதனைச் செய்யாது, ‘யான் மறவேன்’ எனத் தன்னை முழுதறிவினனாக மதித்தமையே குற்றம். மறதியும் ஆணவத்தின் காரியம். மறவேன் என்னும் செருக்கும் ஆணவத்தின் காரியம். முன்னையது நம்மை வந்து மூடுவது. பின்னையது நாம் விழைந்து மேற்கொள்வது. பொறுப்பு பின்னையதன்மேற்றேயாம். மறைத்தற்றொழிலை இறைவன்மேல் ஏற்றினார்க்கும் இதுவே விடை. திரோதானம் மலத்தினைப் பக்குவப்படுத்தும் அருளேயாகலான், மறதிக்கிடையே தெளிவாகிய இடைவெளியும் அவனருளால் நமக்குக் கிடைத்துளது. அவ்விடைவெளியிற் கயிறு கட்டாது விட்டமை நம்முடையது.

இதுபற்றியன்றோ, சிவஞானபோதம் பாசநீக்கம் கூறியபின்னும் அமையாது, 12-ஆம் சூத்திரத்தில் அடியாரோடு கூடுதலையும், திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் விதித்தது? ஞானம் பெற்றார்க்கு இவை எற்றுக்கு எனின், மலவாசனை தாக்கி மறதி மீளப் புகாமைப்பொருட்டு என்க. திருநீறும் கண்டிகையும் பாமரர்க்கே உரியன, கற்றுணர்ந்தார்க்கு மிகை எனக் கருதுவார், கயிற்றைப் பெட்டியில் விட்டார் வரிசையினராவர். கல்வி மிகுந்தோறும் பழக்கம் மிகும்; பழக்கம் மிகுந்தோறும் உள்ளம் வேறிடம் செல்லுதற்கு இடமும் மிகும். ஆகலின், கற்றார்க்கே கயிறு மிகவும் வேண்டற்பாலது.

கயிறும் நாட்பட்டாற் கண்ணிற் படாது பழகிவிடும், சின்னங்களும் அத்தன்மையனவே எனின், அது மெய்யே. ஆயினும் கயிறு பயன்படுதல் நிறத்தான் மட்டுமன்று. கை செயற்படத் தொடங்குமிடத்தே தடையாய் நிற்றலானுமாம். அதுபோல நீறணிதலும், அணியுங்கால் ஒருகணம் செயலை நிறுத்தி நினைத்தற்கு இடனாயின் கயிறாகும். நினைவின்றிப் பூசப்படின், சுருட்டிச் சட்டைப்பையில் இட்ட கயிறாகும். இது கட்டுவானது குறையேயன்றிக் கயிற்றின் குறையன்று.

இதனாற் பிறர்மாட்டு நாம் ஒழுகவேண்டிய முறையும் பெறப்படும். மறந்து வீழ்ந்தானைக் கண்டு நகுதலை விடுத்து எடுத்து நிறுத்துதல் வேண்டும். வீழுமுன் ‘பூட்டு!’ எனக் கூவியறிவிப்பார் ஒருவர் உளரேல், அவர் அக்கணத்திற்கு ஆசிரியராவர். அறிவிக்க அறிதலே உயிர்க்கு இயல்பாகலின், அதனை ஏற்றுக்கொள்ளுதல் இழிவாகாது. மடங்களில் பணிசெய்யும் இளைஞர் ஒன்றனை மறந்தவழி, மறந்தமைக்காகச் சினத்தலினும், மறவாதிருத்தற்கு உபாயம் கற்பித்தமோ என ஆசிரியர் தம்மை வினவுதல் நன்று. முதுமையானும் மூளை நோயானும் நினைவழிந்தார் திறத்தில், கயிறு கட்டும் தெளிவே அவர்க்கில்லை. அவரிடத்துக் குற்றம் ஒருசிறிதும் இல்லை. அவர்க்குக் கயிறு கட்டவேண்டுவார் உடனுறையும் நாமே. திருவைந்தெழுத்தையும் மறந்த முதியோர் அருளை இழந்தாரோ என ஐயுறுவார்க்கு, மறத்தல் உயிரின்கண் உள்ளதேயன்றி இறைவன்கண் இல்லை என்பதே விடையாம்.

ஆகவே, மறதி உயிரின் எளிமையைக் காட்டுவது. மறவேன் என்னும் செருக்கே குற்றம். தெளிவுள்ளபோதே கயிறு கட்டிக்கொள்ளுதல் அறிவுடையார் கடன்.