எத்தனை அறிவு உயிர்?

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில், 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியைச் சொல்லும் பழங்கல்வெட்டும் உண்டு. சிற்றுயிர்க்கும் ஊறு நேரக்கூடாதென்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்ன சமண நெறி அவருடையது. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் இன்றும் இந்த வட்டார ஊர்களில் வாழ்கிறார்கள்.

குளத்துநீரை வடிகட்டினால் துணியில் என்னென்னவோ தங்கும். அவற்றில் ஒன்று ரோட்டிஃபர். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உடம்பு. தலையில் அலையலையாக அசையும் நுண்மயிர்கள் இரண்டு சக்கரம் சுழல்வதாகக் கண்ணை ஏமாற்றும். பிராக்கியோனஸ் என்ற வகையில் கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் ஓயாமல் அரைக்கும் தாடையும் செம்புள்ளியாக ஒரு கண்ணும் தெரியும்.

இதை எந்த அறிவில் சேர்ப்பது? சமணம் உயிர்களைப் புலன்களால் அடுக்குகிறது: உடம்பு மட்டும் உணர்ந்தால் ஓரறிவு, நாவும் சேர்ந்தால் ஈரறிவு, மூக்கு மூன்றாவது, கண் நான்காவது. தொல்காப்பிய மரபியலின் வரிசையும் இதுவே. அங்கே எறும்பு மூவறிவு, நண்டு நான்கறிவு. கண் இருப்பதால் ரோட்டிஃபரை நண்டோடு உட்காரவைக்கலாமா? அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. ஆண் பிராக்கியோனஸுக்கோ உணவுப்பாதையே வேலை செய்வதில்லை; நீந்தும், கூடும், சாகும். நாவை அளவுகோலாக்கினால் தாய் ஒரு படியிலும் மகன் அதற்குக் கீழ்ப்படியிலும் நிற்க வேண்டியதுதான்!

விலங்கியலார் பாடும் சுகமில்லை. பிராக்கியோனஸ் கேலிசிஃப்ளோரஸ் என்பதன் ஓட்டு முன்விளிம்பில் நான்கு முட்கள் இருக்கும். பின்புற முட்கள் சிலவற்றில் நீண்டிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வேறு வேறு வடிவமென்று பெயர் சூட்டினார்கள். ஆனால் இதைப் பிடித்துத் தின்னும் ஆஸ்பிளாங்க்னா இருந்த நீர் பட்டாலே, பின்முள் இல்லாத தாயின் முட்டையிலிருந்து நீண்ட பின்முள்ளோடு மகள் பிறக்கிறாள். 1952-இல் பொஷாம்பும் 1966-இல் கில்பர்ட்டும் இதைக் காட்டினார்கள். முள் குலத்தின் அடையாளமல்ல, எதிரியின் வாசனைக்குப் பிறந்த பதில்.

சமண தத்துவத்துக்கு இது புதிதாக இருந்திருக்காது. எந்த உயிருக்கு எந்த உடம்பு, எத்தனை புலன் என்பதை நாமகர்மம் தீர்மானிக்கிறது. உள்ளிருக்கும் உயிரில் உயர்வு தாழ்வில்லை. அந்தக் கணக்கில் முள் மட்டுமல்ல, தாடையும் கண்ணும்கூட வந்து சேர்ந்தவைதான். தீர்த்தங்கரர் சிலைகளையும் முகம் பார்த்துப் பிரித்தறிவது கடினம். சின்னம்தான் சொல்லும்: காளை என்றால் ரிஷபர், சிங்கம் என்றால் மகாவீரர், தலைமேல் பாம்புப்படம் என்றால் பார்சுவநாதர்.

விலங்கியலார் அவ்வளவு எளிதாக உடம்பைக் கைவிட முடியாது. முள் ஏமாற்றியதும் தாடைக்குப் போனார்கள். ப்ளீச்சிங் திரவத்தில் சதை கரைந்துபோக, மிஞ்சும் கடினமான தாடைத் துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அளக்கிறார்கள். ஒரு உயிரை அடையாளம் காண அதைக் கரைத்தே ஆகவேண்டும் என்பது, வடிகட்டும் துணியோடு வளர்ந்தவருக்கு உறுத்தும். 2018-இல் டி.என்.ஏ.வை முன்னால் வைத்து, உடலளவைப் பின்னால் ஒப்பிட்டு, கேலிசிஃப்ளோரஸை நான்கு இனமாகப் பிரித்தார்கள். டோர்காஸ், எலிவேட்டஸ், ஃபெர்னாண்டோய் மற்ற மூன்று. அந்த டி.என்.ஏ.வும் ஒரே குரலில் பேசவில்லை. தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா ஒருவிதமாகப் பிரிக்க, உட்கருவின் டி.என்.ஏ. வேறுவிதமாகப் பிரித்தது, ஆய்வாளர்கள் உட்கருவின் பக்கம் சாய்ந்தார்கள்.